கன்னமும் இல்லை, படகும் இல்லை

சிங்கப்பூரில் ஓவியங்களைக் கையாளும் ஒரு கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் உடனே பிரிக்க மாட்டோம். அறையின் குளிருக்கும் ஈரப்பதத்துக்கும் பழக 24 மணி நேரம் அப்படியே கிடக்கும். பிரித்ததும் என் முறை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, எங்கே கீறல், எங்கே விரிசல் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கண்டிஷன் ரிப்போர்ட் என்போம்.

ஒருநாள் வந்தது ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமாவின் வலை ஓவியம். சின்னச் சின்ன வளைவுகள், விளிம்பிலிருந்து விளிம்புவரை. புள்ளி வைத்திருக்கிறார் என்றுதான் தூரத்திலிருந்து தோன்றும். கிட்டே போனால் தெரியும், புள்ளியை அவர் வரையவே இல்லை. அடியில் ஒரு நிறம் பூசி, மேலே வேறு நிறத்தில் வளைவுகளைப் பின்னிக்கொண்டே போகிறார். மூடாமல் விட்ட இடம்தான் புள்ளி.

வலது பக்கம் நடுவில் ஒரு மெல்லிய விரிசலைப் பார்த்தேன். அப்படியே "வலது பக்கம், நடுவில்" என்று எழுதினேன். மறுநாள் ஓவியத்துக்குத் துணையாக வந்திருந்த பெண்மணி, "எங்கே, காட்டுங்கள்" என்றார். காட்ட முடியவில்லை. முக்கால் மணி நேரம் தேடினேன். மற்ற ஓவியங்களில் 'கன்னத்துக்குக் கீழே', 'படகின் நுனியில்' என்று எழுதிப் பழகிய கை. இதில் கன்னமும் இல்லை, படகும் இல்லை. அவர் திட்டவில்லை, டேப்பை எடுத்துக் கொடுத்தார். இடது விளிம்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர், கீழ் விளிம்பிலிருந்து இத்தனை. முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

பிறகு அங்குலம் அங்குலமாகப் போனேன். அப்போதுதான் ஒரு வளைவு மாதிரி இன்னொன்று இல்லை என்பது கண்ணில் பட்டது. ஓரிடத்தில் சாயம் தடித்திருக்கிறது, ஓரிடத்தில் தூரிகை காய்ந்துபோய் இழுத்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஒன்றையே வரைவது சலிப்பான வேலை என்று நினைத்திருந்தேன். அந்தச் சலிப்பு என்னுடைய ரிப்போர்ட்டில்தான் இருந்தது.

குசாமா 1929-இல் மட்சுமோட்டோவில் பிறந்தவர். வீட்டில் விதை, நாற்றுப் பண்ணைத் தொழில். சின்ன வயதிலேயே கண்முன் வடிவங்கள் பெருகி எல்லாவற்றையும் மூடிக்கொள்வதுபோல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1958-இல் நியூயார்க் போனார். அடுத்த வருஷம் பிராட்டா கேலரியில் ஐந்து வெள்ளை வலைகளை மாட்டினார். அமெரிக்கக் கலைஞரும் விமர்சகருமான டொனால்ட் ஜட் அதைப் பாராட்டி எழுதியதோடு நிற்காமல் ஒன்றை வாங்கவும் செய்தார். 1961-இல் வரைந்து காட்டிய ஒன்றின் நீளம் சுமார் 10 மீட்டர். அதற்கு ரிப்போர்ட் எழுத வேண்டியவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சரி, அந்த விரிசல்? டேப் பிடித்துத் தேடியதில் கிடைத்தது. விரிசலே இல்லை. காய்ந்த வளைவின்மேல் ஈரமான வளைவு ஏறிய மடிப்பு. அங்கே குசாமா கொஞ்சம் எழுந்து போயிருப்பார் போல. ரிப்போர்ட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, அளவை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். கண்காட்சி முடிந்து திரும்பப் பெட்டியில் வைக்கும்போது அந்த மடிப்பைத் தேடினேன். டேப் இல்லாமல் அப்போதும் கிடைக்கவில்லை.