செயின்சா வைத்திருப்பவர்களுக்கு
2018இல் கஜா புயல் சாய்த்த மரங்களை அறுக்கத்தான் எங்கள் டெல்டா பக்கம் பலர் முதன்முதலாக செயின்சாவைக் கையில் எடுத்தார்கள். இன்றும் லுங்கியும் ரப்பர் செருப்பும்தான்.

ஓடும்போது பிளேடு நுனியின் மேல்பாகம் மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்புதான் அப்போது செயினை நிறுத்தும் பிரேக். அதையே இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

செயின்சா வேலைக்கென்றே கால்சட்டை இருக்கிறது. உள்ளே நீளமான நார் அடுக்குகள். செயின் துணியைக் கிழித்ததும் நார்கள் பல்சக்கரத்தில் சிக்கி, ஓட்டத்தை நிறுத்திவிடும். நம் வெயிலுக்கு வேகும்தான். பின்பக்கம் திறந்த மாதிரியும் உண்டு, அது பரவாயில்லை. ஆனால் கரண்ட் மெஷின்களுக்கு முறுக்கு விசை அதிகம், அவற்றையும் இது நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள்.