ஜென்னுக்கு ஒரு கைப்பிடி

எங்கள் வீட்டில் 2001 மாடல் மாருதி ஜென் ஒன்று இருக்கிறது. ‘எங்கள் வீட்டில்’ என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். அது அவர் வண்டி. பதினைந்து வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்து, குரோம்பேட்டை மார்க்கெட், கோயில், பிரஷர் மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் அதன் பின்கதவுக் கைப்பிடியை என் பையன் உடைத்துவிட்டான். கதவு திறக்கிற கைப்பிடி இல்லை; கண்ணாடி ஏற்றி இறக்கச் சுற்றுவோமே, அது. எட்டு வயது. முதலில் “தாத்தா, பட்டன் எங்க?” என்று தேடினான். சுற்ற வேண்டும் என்று தெரிந்ததும் பல்லாவரம் தாண்டும்வரை கரும்பு ஜூஸ் கடைக்காரர் மாதிரி சுற்றினான். கண்ணாடி மேலே போய் முட்டிய பிறகும் விடவில்லை. படக்.

வேறு யார் உடைத்திருந்தாலும் அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிட்டிருப்பார். இவனைத் திட்ட முடியாது. இவனுக்கு வைத்திருப்பது என் தாத்தாவின் பேர். தன் அப்பா பேரைச் சொல்லி ‘டேய்’ போட அப்பாவுக்கு வாய் வராது. அம்மாவுக்கோ அது மாமனார் பேர். எட்டு வருடமாக ‘ராஜா’ என்றே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். ஆக, இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

சனிக்கிழமை, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்பினோம். எழும்பூர் வரைக்கும் ரயிலில் போய் நடந்துவிடலாம் என்றேன். “வண்டி இல்லாம அளவு எப்படிப் பாக்குறது?” என்றார். கதவுகளும் பம்பர்களும் தோரணம் கட்டித் தொங்கும் ஒரு சந்தில் நிறுத்தினோம். அப்பா இறங்கி, டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கும் மஞ்சள் துணியால் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“உடைக்கவா சார்? இன்ஜின் ஓடுதா?”

செக்கப்புக்குப் போனவரிடம் பாடைக்கு அளவு கேட்டதுபோல ஆகிவிட்டது அப்பாவின் முகம். அந்த மனிதரோடு பேசாமலேயே அடுத்த கடைக்குள் நுழைந்தார்.

கடைக்காரர் ஒரு அரிசிச் சாக்கைக் கவிழ்த்தார். உள்ளே கைப்பிடிகள். கறுப்பு, சாம்பல், பழுப்பு, நூறு இருக்கும். தேடி எடுக்கும்வரை ஸ்டூலும் டீயும் கிடைத்தன. அப்பா ஆரம்பித்தார்.

“நல்ல வண்டியை எல்லாம் ஏன்தான் நிறுத்துறாங்களோ. இந்த ஜென்னை இன்னைக்குத் திரும்ப விட்டா ஜனங்க க்யூவுல நிப்பாங்க.”

கடையில் காத்திருந்த நான்கு பேருக்கு இதுதான் தேவைப்பட்டது. காக்கிச் சட்டைப் பெரியவர் ஒருவர், “அம்பாசிடர் வரணும் சார்” என்றார். முப்பது வருடம் அதை ஓட்டியவராம். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும், முன்சீட் சோபா மாதிரி நீளமாக இருக்கும், டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளம். ஒரு முகூர்த்த நாளில் பதினொரு பேரை மாங்காட்டுக்கு ஏற்றிப் போனதைச் சொன்னார். யார் யார் மடியில் யார் என்பதுவரை சொன்னார்.

குவாலிஸ் சாமான் வாங்க வந்தவர், நன்றாக விற்றுக்கொண்டிருந்த வண்டியை 2005-ல் நிறுத்தினார்களே என்று இன்னும் பொருமிக்கொண்டிருந்தார். கோயம்பேட்டுப் பூ வியாபாரிக்கு மாருதி ஆம்னி வேன் வேண்டும். அதற்கு மூக்கே கிடையாது, இன்ஜின் சீட்டுக்கு அடியில், மோதினால் முதலில் வாங்குவது நம் முட்டிதான் என்றேன். “மோதாம ஓட்டணும் சார்” என்றார். 2019-ல் பாதுகாப்பு விதிகளை இறுக்கி ஆம்னியை நிறுத்தவைத்தவர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போய்விட்டது.

மூலையில் இருந்த தாத்தா ஒருவர் மெதுவாக, “ஸ்டாண்டர்டு ஹெரால்டு” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நம்ம வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாதியே முதலை வாய் மாதிரி பிளந்துகொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். இதைச் சொல்லும்போது அவர் கை இரண்டும் அந்தப் பானட்டைத் தூக்கிக் காட்டின. எனக்கும் அந்த வண்டி வரவேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “சரி, வந்தா வாங்குவீங்களா?” என்று கேட்டேன்.

அம்பாசிடர்க்காரர் வீட்டில் இருப்பது வேகன் ஆர். “மைலேஜ் பாக்கணுமில்ல?” பூக்காரர் வேறு வண்டிக்கு மாறிப் பல வருடமாகிறது. ஹெரால்டு தாத்தா பேரனோடு பைக்கில் வந்திருக்கிறார். அப்பா மட்டும், “ஜென் வந்தா வாங்குவேன், ஆனா 2001-ல என்ன விலைக்கு வாங்கினேனோ அதே விலைக்கு” என்றார்.

“அதான் வந்துச்சே சார்” என்றார் கடைக்காரர், சாக்கிலிருந்து தலையை எடுக்காமல். “ஜென் எஸ்டிலோ.”

இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது. 2006-ல் ஜென்னை நிறுத்திவிட்டு, அந்த வருடக் கடைசியிலேயே உயரமான வேறொரு வண்டிக்கு அந்தப் பேரை வைத்தார்கள். அவர் அதை இன்றுவரை ஜென் என்று சொன்னதில்லை, ‘அது’ என்பார். பேர் மட்டும் திரும்பி வருகிற கதை இது ஒன்றுதான் என்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோவை 2014-ல் நிறுத்தினார்கள். எல்லோரும் ஏங்கினோம். 2018-ல் அதே பேரில் புதிது வந்தது, நாங்கள் வேறு எதையோ வாங்கினோம், அது 2022-ல் கிளம்பிவிட்டது. அம்பாசிடர் கதை இன்னும் விசேஷம். மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014-ல் உற்பத்தி நின்றது; 2017-ல் பிரான்ஸின் பியூஜோ கார் கம்பெனிக்காரர்கள் அந்தப் பேரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். வண்டியைத்தான் காணோம்.

“தாத்தா பேரைப் பேரனுக்கு வெக்கிறோம் சார்” என்றார் கடைக்காரர். “அதுக்குன்னு தாத்தாவேவா திரும்பி வர்றாரு?”

“எங்க வீட்டுல வந்திருக்காரே” என்றார் அப்பா. “அவர் உடைச்சதுக்குத்தான் வந்திருக்கேன்.”

கைப்பிடி கிடைத்தது. பழுப்பு நிறம்; எங்கள் வண்டியில் மற்றதெல்லாம் சாம்பல். மாருதி 800 காருடையது என்றார். “உக்காருமா?” “அதெல்லாம் உக்காரும் சார்.” பையன் ஒருவன் வந்து, உடைந்த கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவில் வேஸ்ட் துணியைச் செருகி, ஷூ பாலிஷ் போடுவதுபோல இப்படியும் அப்படியும் இழுத்தான். உள்ளே இருந்த குட்டிக் கிளிப் ‘டிங்’ என்று பறந்து, எதிர்க்கடை டீ கிளாஸ் பக்கம் விழுந்தது. அதைத் தேட ஐந்து பேர், புதிதை மாட்ட அரை நிமிடம்.

“எண்பது ரூபா.”

“பழைய சாமானுக்கா?” என்று அப்பா பேரம் பேசி எழுபதுக்கு முடித்தார். டீ காசு நாற்பதை அவரே கொடுத்தார்.

சாயந்திரம் பையனை கராத்தே வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனோம். பின்சீட்டில் ஏறியதும் பழுப்புக் கைப்பிடியைப் பார்த்துவிட்டான். ஒரு கை போதாதென்று இரண்டு கையாலும் பிடித்தான். அப்பா வண்டியை எடுக்காமல் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“மெதுவாச் சுத்துங்கப்பா” என்றார்.