வெண்டி: ஒரு குழந்தையின் நாவில் உருவான பெயர்

ஜூன் 3, 2024, திங்கள்

வெண்டி என்னும் ஆங்கிலப் பெண்பெயரின் பொருளை இன்று தேடத் தொடங்கினேன். குவெண்டொலின் என்ற வேல்ஸ் நாட்டுப் பெயரின் சுருக்கமே அது என்று சிலர் விளக்குகிறார்கள். அப்பெயரின் முதற்பகுதியான 'குவென்' வெண்மையையும் அருள்பெற்ற நிலையையும் குறிக்கும். இந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒலி ஒத்திருப்பதே போதுமென்றால், வெண்ணிலவிலும் வெண்முத்திலும் நாம் காணும் 'வெண்' என்ற அடையையே இப்பெயருக்கும் வேராகக் காட்டிவிடலாம்.

ஜூன் 4, செவ்வாய்

பெயரின் வரலாறு 'பீட்டர் பான்' நாடகத்தில் இருக்கிறது. ஜே. எம். பேரி எழுதிய அந்நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் நாயகி வெண்டி டார்லிங். பேரியின் நண்பரான கவிஞர் டபிள்யூ. இ. ஹென்லிக்கு மார்கரெட் என்றொரு மகள் இருந்தாள். அவள் பேரியைத் தன் தோழர் என்னும் பொருளில் 'ஃபிரெண்டி' என்று செல்லமாக அழைக்க விரும்பினாள்; ஆனால் ரகரம் நாவில் திருந்தாத வயதாகையால் அச்சொல் 'ஃப்வெண்டி' என்றே வெளிவந்தது. 1894 பிப்ரவரியில், ஐந்து வயதிலேயே, அவள் இறந்துபோனாள். பத்தாண்டுகள் கழிந்த பின்னும் பேரி அந்த மழலையை மறக்கவில்லை என்பதற்கு நாயகியின் பெயரே சான்று.

இதற்குமேல் இன்று எழுத மனம் வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஆகவே வெண்டி என்றால் தோழமை என்றே பொருள் கொள்கிறேன். எங்கள் வீட்டுக் குழந்தை மரத்தை 'மயம்' என்று சொல்லும்போது திருத்துவதே என் வழக்கமாக இருந்தது. இன்று திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

நாடகத்துக்கு முன்பும் இப்பெயர் அரிதாக வழங்கியதுண்டு. எனினும் அதைப் பரவலாக்கியது நாடகமே. நாடகத்தில் சிறுவர்கள் வெண்டியைச் சுற்றி ஒரு வீடு கட்டுவார்கள். பிரிட்டனில் குழந்தைகள் புகுந்து விளையாடும் சிறு வீட்டுக்கு இன்றும் 'வெண்டி ஹவுஸ்' என்றே பெயர். 1912இல் பிறந்த நடிகை வெண்டி ஹில்லரின் முழுப்பெயர் வெண்டி மார்கரெட் ஹில்லர். மார்கரெட் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு வழங்கிய பெயர் என்பதால் இதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் அவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்து என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.