மடிப்புக்குள் ஈரம்

காலையில் என் பக் நாய் அம்முவின் மூக்குக்கு மேலிருக்கும் மடிப்பை விரலால் விரித்தால், உள்ளே சிவந்து, புளித்த மோர் வாடை.

இரண்டு நாள் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கும்வரை கண்ணை மூடி என் உள்ளங்கையில் முகத்தைச் சாய்த்திருந்தாள். பாட்டி முகம், வயது மூன்றுதான்.

2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் பார்த்த நாளிலிருந்தே எனக்குப் பக் நாய் மேல் ஆசை. நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், இந்தச் சப்பை மூக்குக்கு அதுவே பெரும்பாடு என்பது அப்போது தெரியாது. சித்திரை வெயிலில் விடிந்தபின் இவளை வெளியே கூட்டிப்போவதே இல்லை.

இப்போது என் காலடியில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

ராத்திரி அந்தச் சத்தம் நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.