பின்சக்கர டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டிய கதை

என் பழைய பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தி முடித்திருக்கிறேன். சக்கரத்தில் செய்ய வேண்டிய வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவற்றைச் சரிசெய்யத்தான் மூன்று வாரம் பிடித்தது. இந்த மாற்றத்தில் இறங்குகிறவர்கள் பலர் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள் என்பதால், அந்த மூன்று வாரத்தைப் பற்றியே அதிகமாக எழுதுகிறேன்.

பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது டிரம் சூடேறி விரிகிறது. விரிந்த டிரம்மைத் தொட, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டியிருப்பதால் பெடல் கீழே போகிறது. அந்த உணர்வு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் டிரம்மைக் குறை சொல்வதற்கு முன் அதன் ஒரு நல்ல குணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்வதால், குறைந்த ஆயில் அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைத்துவிடுகிறது. டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. அதே பிடிக்கு அதிக அழுத்தமும் பெரிய பிஸ்டனும் வேண்டும். பிஸ்டன் பெரிதானால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டிய ஆயிலின் அளவும் கூடும். பின்னால் எனக்கு வந்த சிக்கல்களில் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டை எடுக்க, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலையே உருவ வேண்டும். என் வண்டியில் ஆக்சிலைப் பிடித்திருப்பது, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ‘சி’ வடிவ கிளிப். மூடியைத் திறந்து, ஆயிலை வடித்து, நடுவில் இருக்கும் குறுக்குப் பின்னை உருவிவிட்டு, ஆக்சிலைச் சற்று உள்ளே தள்ளினால் அந்தக் கிளிப் தானாக விடுபடும். அந்தக் குறுக்குப் பின் வெளியே இருக்கும்போது ஆக்சிலைச் சுழற்றிவிடக் கூடாது. சுழற்றினால் உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் இடம் மாறிவிடும். ஆக்சில் வெளியே வந்த கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஷூவின் உராயும் மேற்பரப்பான லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத்தான் துடைத்தேன்.

டிஸ்க்கை ஆக்சில் விளிம்பில் உட்கார வைத்து, நட்டுகளை முறுக்கி, ஆட்டத்தை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தபோது இடப்பக்க டிஸ்க் 0.1 மில்லிமீட்டருக்கும் அதிகமாக ஆடியது. டிஸ்க்கில் குறை இருக்கிறது என்று முதலில் எண்ணினேன். கழற்றிப் பார்த்தால், விளிம்பின் ஒரு ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் துருப்பொருக்கு ஒட்டியிருந்தது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்ததும் முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

அடுத்து ஏர் எடுக்கும் வேலை, அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. அரை லிட்டருக்கு மேல் புதிய பிரேக் ஆயில் போன பிறகும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டர், குழாய் இணைப்புகள், குழாயைக் காலிப்பரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிய பிறகுதான், இரண்டு காலிப்பர்களையும் பக்கம் மாற்றி மாட்டியிருப்பதைக் கண்டேன். அப்படி மாட்டினால் ஏர் விடும் ஸ்க்ரூ அடியில் போய்விடும். காற்றோ மேலே தங்கிவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே வராது. ஸ்க்ரூ காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்பதை மாட்டும்போதே பார்த்துவிடுங்கள்.

அதைச் சரிசெய்து சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்தபோது, பின் டிஸ்க்குகள் அருகில் கை கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடாக இருந்தன. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் இறுகி நின்றது. ஏர் ஸ்க்ரூவைச் சற்றே தளர்த்தியதும் ஆயில் ஒரு துளி பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. இந்தச் சோதனை மிகவும் பயனுள்ளது. ஸ்க்ரூவைத் திறந்ததும் சக்கரம் சுற்றினால் குழாயில் அழுத்தம் தேங்குகிறது என்று பொருள். திறந்த பின்னும் சுற்றாவிட்டால் காலிப்பரிலோ ஹேண்ட் பிரேக் கேபிளிலோ பிடிப்பு இருக்கிறது. டிரம்முக்கென அமைந்த பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், பின் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் அதைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லாததால், டிஸ்க்கை அழுத்தும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் டிஸ்க்காக உள்ள அமைப்புக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரை வாங்கி மாட்டிய பிறகுதான் அந்தச் சூடு அடங்கியது.

எனக்கு மிகவும் கவலை தந்தது முன்பின் சமநிலைதான். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. காலியாக ஓடும் பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே இலேசானது. பின்சக்கரங்கள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஆகவே பின் குழாயில் திருகி மாற்றக்கூடிய அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றைச் சேர்த்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, ஆளில்லாத திறந்தவெளியில், ஈரத் தரையிலும் உலர்ந்த தரையிலும், வண்டியைக் காலியாக வைத்தே சோதித்தேன். ஒவ்வொரு முறையும் முன்சக்கரமே முதலில் பூட்ட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. இதனால் பாரம் ஏற்றும்போது பின் டிஸ்க்கின் முழு வலிமையும் பயன்படாமல் போகிறது என்பது உண்மைதான். அந்த இழப்பை மனதார ஏற்கிறேன். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், அதன் கணக்கு பழைய பிரேக்கை வைத்துப் போடப்பட்டது என்பதால், அந்த மாடலுக்கென்றே சோதித்த தொகுப்பு கிடைக்காதவரை கை வைக்காமல் இருப்பதே மேல்.

ஹேண்ட் பிரேக்குக்கு, டிஸ்க்கின் நடுக்குமிழுக்குள் சிறிய ஷூக்கள் இருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். கேபிளை முழுவதும் தளர்த்திவிட்டு, முதலில் ஷூக்களை, அவற்றின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தால் உரசும் வரை விரித்துச் சில பல் பின்னுக்கு எடுத்து, அதன் பிறகே கேபிளை இறுக்க வேண்டும். முதல் தடவை ஷூக்களைச் சரிசெய்யும் முன்பே கேபிளை இறுக்கிவிட்டதால் சரிவில் வண்டி மெல்ல நகர்ந்தது. வரிசையை மாற்றிச் செய்த பிறகு, பாரத்தோடு அதே சரிவில் அசையாமல் நிற்கிறது.