இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்

"இறப்புச் சான்றிதழ் இணைக்கவில்லையே" என்றார் தொலைபேசியில், விமானப்படை வீரர் ஒருவரின் சேவைப் பதிவேட்டைக் கேட்டு நான் விண்ணப்பித்திருந்த இடத்து அலுவலர். 1944 ஜனவரியில் ஒரு ராத்திரி பெர்லின் மீது குண்டு போடப் போய்த் திரும்பாத ஆளுக்கு எந்த ஆஸ்பத்திரி சான்றிதழ் கொடுத்திருக்கும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் விண்ணப்பம் கட்டின் அடியில் போயிருக்கும்.

காணாமல் போனவர், இங்கிலாந்தின் யார்க் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மூத்த அண்ணன். ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். அப்போது பாட்டிக்கு ஆறு வயது. எனக்கு இதில் என்ன வேலை என்றால், பாட்டி காட்டிய பழைய கடிதத்தில் 102-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவு, என்று இருந்தது. தேடிப் பார்த்தால் அதன் முழுப்பெயர் 102 (சிலோன்) ஸ்குவாட்ரன். என் அப்பப்பா பிறந்த தீவின் பெயர் யார்க்‌ஷயரின் போக்லிங்டன் விமானத்தளத்தில் என்ன செய்கிறது என்று தோண்டப் போய் மாட்டிக்கொண்டேன். (போருக்கு நிதி கொடுத்த காலனிகளின் பெயரை ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். 35-ஆவதுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர்.)

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பாட்டி சொன்ன பெயரைப் போட்டேன், 20 ஜனவரி என்று தேதியும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. சரி, இவர் விவரம் ஏறவில்லை போல என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, விமானப்படையினருக்கான ரன்னிமீட் நினைவிடத்தில் பெயர் இருக்கும், நேரில் பார்த்துவிடலாம் என்று பாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். யார்க்கிலிருந்து காரில் பாதி நாள். சக்கர நாற்காலி, மழை. 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள இடம் அது. ஆண்டு, படை, பதவி என்று பிரித்து வெட்டியிருப்பதால் தேடுவது கஷ்டமில்லை. 1944, சார்ஜென்ட்கள், அந்தக் குடும்பப் பெயர். இரண்டு தடவை பார்த்தோம். இல்லை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது எனக்குத்தான் வாய் ஓயவில்லை.

அன்று இரவுதான் புத்தி வந்தது. ரன்னிமீடில் இருப்பது கல்லறை எதுவென்று தெரியாதவர்களின் பெயர்கள் மட்டும். அங்கே இல்லையென்றால் எங்கேயோ கல்லறை இருக்கிறது என்று அர்த்தம்! இந்த முறை குடும்பப் பெயர், விமானப்படை, 1944, அவ்வளவுதான் போட்டேன். வந்துவிட்டார். பாட்டி சொன்னது வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். ஆறு வயதுக் குழந்தைக்கு அதுதான் அண்ணனின் பெயர். பதிவில் இருந்தது வேறு. தேதியும் 20 அல்ல, 21. ராத்திரி கிளம்பிய விமானத்துக்கு இரண்டு தேதிகளில் எதுவும் எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே தேடும்போது நாளைப் போடாதீர்கள். செல்லப்பெயரை அறவே போடாதீர்கள்.

கல்லறை இருந்த இடம் பெர்லின் போர்க் கல்லறைத் தோட்டம். அங்கே அடக்கமானவர்களில் சுமார் 80 சதவீதம் விமானப்படையினர்தான். கூட்டுக் கல்லறை என்று போட்டிருந்தது. யார் யார் என்று பிரிக்க முடியாத நிலையில் கிடைத்தவர்களை ஒன்றாக வைப்பார்கள். போர் முடிந்த பிறகு விமானப்படையே ஆட்களை அனுப்பி ஊர் ஊராக விசாரித்துத் தேடியிருக்கிறது. ஆணையத்தின் அதே இணையப் பக்கத்தில் கீழே ஸ்கேன் செய்த பழைய தாள்களும் இருக்கும். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் நான் அவற்றைத் திறக்காமல் மூடிவிட்டேன். இரண்டாவது முட்டாள்தனம்.

லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்குவாட்ரன் பதிவேடு சுலபமாகவே கிடைத்தது. ஏர் 27 என்ற தொடர். 540 என்ற படிவம் அன்றாடச் சுருக்கம். விமானம் விமானமாக, ஆள் பெயர்களோடு இருப்பது 541. இரண்டையும் வாங்குங்கள். 20 ஜனவரி இரவு பெர்லினுக்குப் போனவை மொத்தம் 769 விமானங்கள், திரும்பாதவை 35. போக்லிங்டனிலிருந்து போன 16-இல் 5 திரும்பவில்லை, இன்னும் 2 இங்கிலாந்துக்கு வந்து விழுந்து நொறுங்கின. மறுநாள் இரவே மிச்சம் இருந்தவர்களை ஜெர்மனியின் மக்டபர்க் நகர் மீது குண்டு போட அனுப்பினார்கள். அதிலும் விமானங்கள் போயின. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேறு எதுவும் பார்க்கவில்லை.

சேவைப் பதிவேடு கேட்டபோதுதான் அந்தச் சான்றிதழ்க் கதை. பணியில் இருக்கும்போதே இறந்தவர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று அவர்களுடைய வழிகாட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. மறுபடி அழைத்து, அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினேன். இருபது நிமிடம் இசை கேட்க வைத்தார். பிறகு, "சரி, அப்படியே அனுப்புங்கள்." மன்னிப்பெல்லாம் இல்லை. அழைத்த தேதி, பேசியவர் பெயர் இரண்டையும் குறித்து வையுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

காத்திருந்த நாட்களில்தான் அந்த ஸ்கேன் தாள்களைத் திறந்தேன். கல்லறைக் கல்லில் என்ன வெட்ட வேண்டும் என்ற பட்டியல் ஒன்று. அடியில் ஒரு வரி எழுத குடும்பத்துக்கு இடம் உண்டு, இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்து. பாட்டியின் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியில் இருந்தது அந்தச் செல்லப்பெயர்.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"அப்படியானால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார். "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

சேவைப் பதிவேடு இன்னும் வந்தபாடில்லை. வரிசையில் இருக்கிறதாம்.