ஜன்னல் இருக்கும் அறைகள்

கட்டிடங்களின் உள்ளறைகளைப் படமெடுப்பது என் வேலை. இதில் என்னை அதிகம் படுத்துவது ஜன்னல்தான். சோபாவின் நிறம் சரியாக வரும்படி எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடும்; வெளியே நிற்கும் மரம் தெரியட்டும் என்று குறைத்தால் சோபா இருட்டில் போய்விடும். அதனால் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் பல படங்களாக எடுப்பது, எனக்குத் தினசரிப் பிழைப்பு.

கேமராவில் அதை ஆன் செய்தால் பெரும்பாலும் மூன்று படம், நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கீழே, இரண்டு ஸ்டாப் மேலே. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. பலர் அப்படியே வைத்து எடுத்துவிட்டு, ஜன்னல் இன்னும் வெளுத்திருக்கிறதே என்பார்கள். வெளுக்கத்தான் செய்யும். அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 என்று வைத்தால், நல்ல வெயிலில் வெளிப்புறத்துக்கு ஷட்டர் 1/400 நொடி திறந்தால் போதும். உள்ளே நிழலான மூலைக்கு அரை நொடி வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட 200 மடங்கு வித்தியாசம், ஏழரை ஸ்டாப். கேமராவின் ஒளிமீட்டர் நடுவே 1/30 என்று சொன்னால், மூன்று படங்கள் 1/125 முதல் 1/8 வரைதான் எட்டும். இரண்டு ஓரமும் வெளியே நிற்கும்.

அதனால் நான் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் ஜன்னலுக்கு ஒரு சோதனைப் படம்; ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில், அதாவது வெளிச்சப் பக்கத்தில், முட்டுவது நிற்கும் வரை ஷட்டரை வேகமாக்குவேன். அடுத்து மேஜைக்கு அடியில் இருக்கும் இருட்டுக்கு ஒன்று. இந்த இரண்டு எல்லையும் தெரிந்துவிட்டால் நடுவே எத்தனை படம் என்பது வெறும் கணக்கு: 1/500, 1/125, 1/30, 1/8, 1/2. மாறுவது ஷட்டர் மட்டும்தான். அப்பெர்ச்சர் மாறினால் ஃபோகஸின் ஆழமும் மாறிவிடும், அப்புறம் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆட்டோ ஐஎஸ்ஓ, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானாகச் சரிசெய்வது) இரண்டையும் அணைத்துவிடுவேன். ட்ரைபாட், இரண்டு நொடி டைமர், மின்விசிறி நிறுத்தம். ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் லென்ஸுக்கு எதிரே கையைக் காட்டி ஒரு படம் எடுத்துவிடுவேன். கணினியில் ஒரே மாதிரி ஃபைல்கள் வரிசையாக நிற்கும்போது எது எங்கே முடிகிறது என்று அந்தக் கைதான் சொல்லும்.

"ஒரே போட்டோவை ஏன் சார் அஞ்சு தடவை எடுக்கறீங்க?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. 1850களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார். என் ஜன்னல் பிரச்சினையும் அதேதான்.

சேர்ப்பதை மென்பொருளிடம் முழுதாக விட எனக்கு மனசு வராது. எல்லாவற்றையும் சமமாக்கி ஒரு சாம்பல் களையைக் கொடுத்துவிடும். நடுப்படத்தை அடியில் போட்டு, வேகமான படத்திலிருந்து மற்ற பகுதியை மாஸ்க் போட்டு மறைத்து ஜன்னலை மட்டும் எடுத்துக்கொள்வேன். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/500க்குப் போனால் சில எல்இடி விளக்குகள் சுவரில் பட்டை பட்டையாக விழும். அந்தப் படத்தில் எனக்குச் சுவரே வேண்டாம் என்பதால் கவலையில்லை. ஜன்னலை அறையைவிட ஒரு ஸ்டாப்பாவது பிரகாசமாகவே விட்டுவைப்பேன். வெளியும் உள்ளும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் ஜன்னலில் போஸ்டர் ஒட்டியது போல இருக்கும்.

பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சம் உள்ளேயும் வெளியேயும் தானாகவே சமமாகும். அப்போது ஒரு ரா ஃபைல் (கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ஃபைல்) போதும், பிராக்கெட்டிங்கே தேவையில்லை. ஆனால் எனக்கு அறையைத் திறந்துவிடுவது பெரும்பாலும் நண்பகலில்தான்.